தண்ணீருக்குள் இறங்கும் தெரு: கல்யாஸின் போய்வந்த கதை

ரஷ்யாவின் த்வெர் நகரில் நான் மெடிக்கல் படித்த ஆறு வருடமும் ஹாஸ்டல் அறைச் சுவரில் ஒரு காலண்டர் படம் தொங்கியது. எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த சீனியர் அண்ணன் விட்டுப்போனது. நடு ஆற்றில் ஒரு வெள்ளை மணிக்கோபுரம். சுற்றிலும் தண்ணீர். கோபுரம் இருந்தால் பக்கத்தில் தேவாலயம் இருக்க வேண்டும், தேவாலயம் இருந்தால் தெரு இருக்க வேண்டும். படத்தில் எதுவும் இல்லை. முதல் வருடம் அதை ஏதோ கிராபிக்ஸ் வேலை என்றே நினைத்திருந்தேன். ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்த ஆசிரியைதான் ஒருநாள் சொன்னார்: "அது கல்யாஸின். நம்ம த்வெர் வட்டாரத்து ஊர்தான். பஸ்ஸிலேயே போகலாம்."

எனக்கு மேட்டூர்ப் பக்கம். அணையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் தலைகாட்டும். சின்ன வயதில் அப்பாயி என்னைக் கரைக்குக் கூட்டிப்போய், "அதோ அங்கதான் நம்ம சனம் இருந்துச்சு" என்று விரலை நீட்டுவார். எனக்குத் தண்ணீர்தான் தெரியும். கல்யாஸின் என்ற பெயரைக் கேட்டதும் அந்த விரல்தான் ஞாபகம் வந்தது. போகாமல் இருக்க முடியவில்லை.

மூன்று தடவை போனேன். முதல் தடவை பிப்ரவரியில், அறைத்தோழனோடு. அவன் விழுப்புரத்துக்காரன். வெளியே மைனஸ் 18. த்வெர் பஸ் நிலையத்தில் காலையில் ஏறி, பிர்ச் மரங்களையும் பனி மூடிய வயல்களையும் பார்த்துக்கொண்டே போனதில் பாதி நாள் ஓடிவிட்டது. ஊருக்குள் இறங்கி கீழ்நோக்கி நடந்தால், வீடுகள் முடிகிற இடத்தில் ஒரு வெள்ளை மைதானம். அது வோல்கா. மைதானத்துக்கு நடுவில் கோபுரம். உறைந்த ஆற்றின் மேல் ஆட்கள் சாதாரணமாக நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, வா, நாமளும் நடந்தே போயிரலாம்" என்று அவன் நேராகக் கரையிலிருந்து கால் வைக்கப் போனான்.

"ஸ்தோய்!" என்று ஒரு குரல். நில் என்று அர்த்தம். ஆட்டுத்தோல் கோட்டு போட்ட ஒரு பெரியவர், சின்னச் சறுக்குவண்டியில் மீன்பிடிச் சாமானை இழுத்துக்கொண்டு வந்தார். கையில் கடப்பாரை மாதிரி ஒன்று, பெஷ்னியா என்பார்கள். அவன் கால் வைக்கப் போன இடத்தில் அதை ஒரு போடு போட்டார். பொந்து மரத்தைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். இரண்டாவது அடியில் பனிக்கட்டி உடைந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. ஒரு முழ ஆழத்துக்கு வெறும் காற்று, அதற்குக் கீழேதான் கருப்பாகத் தண்ணீர் தெரிந்தது.

அவர் சொன்ன விளக்கம் இதுதான். இது வெறும் ஆறு அல்ல, அணைக்குப் பின்னால் நிற்கிற நீர்த்தேக்கம். குளிர்காலத் தொடக்கத்தில் தண்ணீர் நிறைய இருக்கும்போது மேல்பரப்பு உறைகிறது. அப்புறம் மின்சாரத்துக்காகவும், வசந்தத்தில் பனி உருகி வரும் வெள்ளத்துக்கு இடம் விடவும் அணையில் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். மட்டம் இறங்குகிறது. நடு ஆற்றில் பனிக்கட்டி தண்ணீரோடு சேர்ந்து இறங்கிவிடும். கரையோரத்தில் அது மண்ணைப் பிடித்துக்கொண்டு, கீழே எதுவும் இல்லாமல் கூரை மாதிரி தொங்கும். ஆழம் அதிகமாக இருக்கும் நடுப்பகுதிதான் ஆபத்து என்று நாங்கள் நினைத்திருந்தோம். இங்கே கரையைத் தாண்டும் முதல் பத்து அடிதான் ஆளை விழுங்குகிற இடம்.

அவர் வழக்கமாக இறங்கும் தடத்தில், அவருக்குப் பின்னால், ஐந்தாறு மீட்டர் இடைவெளி விட்டு நடந்தோம். அன்றைக்கு அவரிடம் கற்றதைச் சொல்லிவிடுகிறேன், ரஷ்யாவில் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு உதவும். நீலம் கலந்து கண்ணாடி மாதிரி இருக்கும் பனிக்கட்டி கெட்டியானது. பால் மாதிரி வெளுத்திருந்தால் அதற்குப் பாதி பலம்தான். ஒரு ஆள் நடக்கக் குறைந்தது 7 சென்டிமீட்டராவது வேண்டும், நாலு பேர் சேர்ந்து போக அதைப்போல் இரண்டு மடங்கு இருப்பது நல்லது. பாலத்தூண், கல்கட்டு, நட்டுவைத்த கம்பு, நாணல் இவற்றைச் சுற்றி எப்போதும் மெலிந்திருக்கும். கோபுரத்தின் அடியும் அப்படித்தான், அதனால் உள்ளூர் ஆட்களின் கால்தடம் இருக்கும் பக்கமாக மட்டும் நெருங்குங்கள். மார்ச் பாதிக்கு மேல், எவ்வளவு தடிமனாகத் தெரிந்தாலும், இறங்காதீர்கள். உள்ளூர் ஆட்கள் யாரும் இறங்காத இடத்தில் எந்த மாதத்திலும் இறங்காதீர்கள்.

கோபுரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றபோது பெரியவர் திரும்பி ஊரைக் காட்டினார். கரை தூரத்தில் தெரிந்தது. "நீங்க கரையிலேருந்து ஆத்துக்கு வந்ததா நினைக்கிறீங்க. ஊர் ஓரத்திலேருந்து ஊர் நடுவுக்கு வந்திருக்கீங்க" என்றார். எனக்குச் சட்டென்று காலடியில் ஏதோ கனத்தது. நான் நின்றிருந்த இடத்துக்குக் கீழே கடைவீதி.

*

கல்யாஸினின் அமைப்பைப் புரிந்துகொள்ள அந்த இடத்திலிருந்து பார்ப்பதுதான் நல்லது. வோல்கா த்வெர் மாநிலத்திலேயே, வால்தாய் மேட்டில் பிறந்து, 3,530 கிலோமீட்டர் ஓடி காஸ்பியன் கடலுக்குப் போகிறது. இங்கே அது இன்னும் மேல்வோல்காதான். மாஸ்கோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் ஆறு கூர்மையாகத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் ஷாப்னியா என்ற சின்ன ஆறு வந்து கலக்கிறது. இந்த இரண்டு ஆறுகளும் வெட்டியதில் ஊர் மூன்று துண்டு. இடது கரையில் மடத்தை ஒட்டிய குடியிருப்பு, வலது கரையில் ஷாப்னியா ஓரத்து நிக்கோலா பகுதி, அதற்கு அடுத்து ஸ்விஸ்தூகா.  1775-இல் இரண்டாம் கேத்தரின் ஊருக்கு நகரம் என்ற தகுதி கொடுத்தார்.

ஊரின் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் மக்காரி என்ற துறவி இடது கரைக் காட்டில் குடிசை போட்டார். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் இவான் கல்யாகா. துறவி நிலத்தைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்து அவரைக் கொல்லவே நினைத்தாராம். பிறகு மனம் திருந்தி, நிலத்தையும் கொடுத்து, தானும் துறவியாகி அங்கேயே சேர்ந்துவிட்டாராம். மடத்துக்குத் தன்னைக் கொல்ல நினைத்தவரின் பெயரையே மக்காரி வைத்தார் என்பது மரபு. இந்தக் கதையை அந்த ஊரில் மூன்று பேர் எனக்குச் சொன்னார்கள், மூன்று பேருமே பெருமையாகச் சொன்னார்கள்.

நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. த்வெரில் வோல்கா கரையில் அஃபனாசி நிக்கீத்தின் சிலை இருக்கிறது, 1955-இல் வைத்தது. நாங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போவோம். 1460-களின் கடைசியில் த்வெரிலிருந்து படகில் கிளம்பி, வழியில் கொள்ளை போய், பாரசீகம், ஹோர்முஸ் வழியாக சௌல் துறைமுகத்தில் இறங்கி, ஜுன்னார், பாமினி சுல்தான்களின் பீதர் வரை வந்த வியாபாரி அவர். ஒரு குதிரையை விற்கக் கொண்டுவந்து படாத பாடு பட்டார். ஊர் திரும்பும் வழியில் ஸ்மொலென்ஸ்க் பக்கம் இறந்துபோனார், த்வெரை மறுபடி பார்க்கவே இல்லை. அவர் எழுதிவைத்த குறிப்பின் தொடக்கத்திலேயே கல்யாஸின் வருகிறது. திரித்துவ மடத்துக்குப் போய் மடாதிபதி மக்காரியிடம் ஆசி வாங்கிக்கொண்டு கிளம்பினேன் என்கிறார். இந்தியாவைப் பார்த்து எழுதிவைத்த முதல் ரஷ்யர் ஆசி வாங்கிய மடம் அது. அந்த மடமும் இப்போது இல்லை.

1609-இல் போலந்துப் படை மாஸ்கோவை நெருக்கிக்கொண்டிருந்தபோது, இருபத்திரண்டு வயதைத் தாண்டாத ரஷ்யத் தளபதி மிகயீல் ஸ்கோபின்-ஷூய்ஸ்கி இந்த மடத்தருகே படையைத் திரட்டி யான் சபீகாவின் படையைத் தோற்கடித்தார். ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. அதற்கப்புறம் முந்நூறு வருடம் கல்யாஸின் சந்தை, படகு, இரும்புவேலை, லேஸ் பின்னல், கம்பளியை அடித்துச் செய்யும் வாலெங்கி பூட்ஸ் என்று ஒரு ஆற்றங்கரை வியாபார ஊருக்கு உள்ள எல்லாவற்றோடும் வாழ்ந்தது. 1800-இல் நிக்கோலா தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஐந்து அடுக்கில் 74.5 மீட்டர் உயரத்துக்கு மணிக்கோபுரம் எழுப்பினார்கள். சின்ன ஊருக்கு அது பெரிய உயரம். சம்பாதித்த ஊர் என்று தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று கட்டியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகு ஊக்லிச் அணை. 1930-களில் வோல்கா முழுக்க அணைகள் கட்டும் பெரிய திட்டத்தில் அதுவும் ஒன்று. கட்டியவர்களில் பெரும்பாலோர் வோல்காலாக் கட்டாய உழைப்பு முகாமின் கைதிகள். தண்ணீர் ஏறுவதற்கு முன் 1939, 40-இல் ஊரின் பழைய நடுப்பகுதியை, பாதிக்கு மேல், காலி செய்தார்கள். நிக்கோலா தேவாலயத்தைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். மடத்தை இடித்தார்கள். அதன் சுவர்களில் 1654-இல் தீட்டிய ஓவியங்கள் இருந்தன. இடிக்கும் முன், கிடைத்த கொஞ்ச நாளில், நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தார்கள். பெரும்பகுதி மாஸ்கோவில் ஷூசெவ் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மணிக்கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆறு திரும்புகிற இடத்தில் நிற்பதால் கப்பல்காரர்களுக்கு அது அடையாளமானது. 1980-களில் அடிப்பக்கம் கரைந்துவிடாமலிருக்க மண்ணும் கல்லும் கொட்டிச் சின்னத் தீவு ஆக்கினார்கள். அதனால்தான் கோபுரம் இன்னும் நிற்கிறது.

501 பூட் எடை, அதாவது 8 டன்னுக்கு மேல், உள்ள பெரிய மணியை இறக்க முடியாமல் போய், அது கோபுரத்தின் அடியறையிலேயே விழுந்து கிடக்கிறது என்பது ஊர்ப்பேச்சு. 1941 ஜூனில், போருக்கு முன், அது தானாக ஒலித்தது என்பார்கள். கரையில் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள், அவரவர் பாட்டி கேட்டதாக.

*

பிப்ரவரிப் பயணத்தில் நாங்கள் செய்த தப்பு, திரும்பும் டிக்கெட்டை முதலில் வாங்காதது. சாயங்காலம் நிலையத்துக்கு வந்தால் கடைசி பஸ் போய்விட்டது. குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்ட ஆரம்பித்துவிடுகிறது. மீன்பிடிக்கிற பெரியவருக்குத் தெரிந்த ஒரு பாபுஷ்கா, எண்பது வயதைத் தாண்டியவர், தன் வீட்டில் ஒரு அறை கொடுத்தார். பாஸ்போர்ட்டையும் மைக்ரேஷன் கார்டையும் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டு வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். வெளியூர் போகும்போது இந்த இரண்டையும், பதிவுச் சீட்டையும் அசலாக வைத்திருங்கள். போனில் போட்டோ இருந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், போதாது.

மரவீடு. அடுப்புப் பக்கத்தில் ஈர சாக்ஸைக் காயப்போடும்போது சுவரைப் பார்த்தேன். ஒவ்வொரு மரத்தண்டின் முனையிலும் கோடாலியால் கொத்திய கோடுகள். ஒரு கோடு, இரண்டு கோடு, சாய்வாக ஒன்று, பெருக்கல் குறி. கீழிருந்து மேலாக வரிசை. தச்சர் கணக்கா என்று பாட்டியிடம் கேட்டேன். அவர் எழுந்துவந்து அந்தக் கோடுகளின் மேல் கட்டைவிரலை வைத்து எண்ணினார். இந்த வீடு முதலில் கீழே, கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்ததாம். காலி செய்யச் சொன்னபோது அவருடைய அப்பா மரத்துக்கு மரம் எண் கொத்தி, வீட்டைப் பிரித்து, வண்டியில் மேட்டுக்கு ஏற்றி, அதே வரிசையில் மறுபடி அடுக்கினாராம். "ஏழாவது மட்டும் வண்டியிலேருந்து விழுந்து பிளந்துபோச்சு. அது புது மரம்" என்றார். பார்த்தேன். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் கோடு இல்லாத ஒரு தண்டு.

அவருக்கு அணைமேல் கோபம் இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். போர்க்காலக் குளிரில் மாஸ்கோவுக்கு மின்சாரம் ஊக்லிச்சிலிருந்து போனது, அதை மறக்கக் கூடாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எங்க அம்மா கடைசிவரைக்கும் ஆத்தைப் பார்க்கிற ஜன்னல்ல உட்கார மாட்டா" என்றார். இரண்டுமே உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்களை எனக்கு நம்பத் தோன்றுவதில்லை.

அன்று இரவு என் போனில் இருந்த பண்ணவாடி நந்தி படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். தண்ணீர் இறங்கினால் அங்கே ஜனங்கள் நடந்துபோவார்களா என்று கேட்டார். போவார்கள், பூ வைப்பார்கள், கற்பூரம் கொளுத்துவார்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

*

இரண்டாவது தடவை அக்டோபரில், அருங்காட்சியகத்துக்காகவே போனேன். 1920-இல் தொடங்கியது, தப்பிப் பிழைத்த தேவாலயம் ஒன்றுக்குள் இருக்கிறது. நீங்கள் போனால் கோபுரத்துக்குப் போகும் முன் இங்கே போய்விடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். மூழ்கிய ஊரின் பழைய படங்கள், மடத்தின் மாதிரி, சுவரோவியத் துண்டுகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. அந்தப் பழைய படங்களை மனதில் வாங்கிக்கொண்டு கரைக்கு இறங்கினால் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. கொஞ்சமாவது ரஷ்ய மொழி தெரிந்தால் அறைகளில் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாக்களிடம் பேச்சுக் கொடுங்கள். பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டால் முகம் மலர்ந்துவிடும், பூட்டிய அலமாரியைக்கூடத் திறந்து காட்டுவார்கள்.

கரையில் நான் சொல்ல வருகிற முக்கியமான இடம் கோபுரம் தெரிகிற செல்ஃபி மேடை அல்ல. ஆற்றை நோக்கி இறங்கும் தெருக்களில் ஏதாவது ஒன்றைப் பிடித்து முடிவு வரை நடங்கள். இருபுறமும் வீடு, வேலி, ஆப்பிள் மரம், விறகு அடுக்கு. தெரு இறங்கிக்கொண்டே போகும். கடைசி வீடு வரும். அதற்கப்புறமும் தெரு நிற்காது, தண்ணீருக்குள் அப்படியே போய்விடும். நான் பார்த்த தெருவில் கடைசி வீட்டுக்காரம்மா தண்ணீர் விளிம்பில் குந்தி ஜமுக்காளம் அலசிக்கொண்டிருந்தார். நேர் எதிரே கோபுரம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்னொரு பக்கம் அடிவானத்தில் 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கியின் வெள்ளைக் கிண்ணம் வானத்தைப் பார்த்து நின்றது. இரண்டையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன்.

எலெக்த்ரீச்கா என்ற புறநகர் மின்சார ரயிலில் வருகிறவர்கள் மாஸ்கோவிலிருந்து சவ்யோலவோ வரை வந்து அங்கே மாற வேண்டும். இணைப்பு நேரம் பார்க்காமல் வந்தால் நடுவில் மணிக்கணக்கில் உட்கார நேரிடும். பக்கத்திலேயே ஊக்லிச்சும் காஷினும் இருக்கின்றன. ஆனால் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பாதீர்கள். ஒரு ராத்திரி கல்யாஸினில் தங்குங்கள். காலை ஆறு மணிக்குப் பஸ் கூட்டம் வரும் முன் ஆற்றங்கரை ஊருக்கு மட்டும் சொந்தமாக இருக்கும்.

மூன்றாவது தடவை மே 22, புனித நிக்கோலாவின் நாள். 2007-இல் அதே நாளில்தான் பல பத்தாண்டுகளுக்கு அப்புறம் கோபுரத்தில் மறுபடி வழிபாடு நடந்தது. நான் போயிருந்த வருடத்தில் பாபுஷ்காவையும் கூட்டிக்கொண்டு படகில் ஏறினேன். தலையில் பூப்போட்ட துணி, கையில் மெழுகுவத்தி. தீவில் நிற்க இடமில்லாமல் கூட்டம், பாதிப் பேர் படகிலிருந்தபடியே கும்பிட்டார்கள். குளிர்காற்றில் பாட்டியின் மெழுகுவத்தி மூன்று தடவை அணைந்தது. மூன்று தடவையும் பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பற்றவைத்தார்.

திரும்பும்போது கரைக்கு நேராகப் போகப் பார்த்த படகுக்காரப் பையனைப் பாட்டி அதட்டினார். இடதுபக்கமாகத் திருப்பச் சொன்னார். அப்புறம் வலது. மறுபடி நேராக. பழுப்பு நிறத் தண்ணீரைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. பையன் எஞ்சினைக் குறைத்துவிட்டு அவர் சொன்னபடியே ஓட்டினான்.

"இது தண்ணீர்தானே பாட்டி, எந்தப் பக்கம் போனால் என்ன?" என்றேன்.

"அந்தப் பக்கம் பேக்கரி சுவர் இருக்கு" என்றார். "தெரு இப்படித்தான் வளையும்."